சேர்த்து வைத்த கத்தியும் முள்ளுக்கரண்டியும்

ஜன்னலோர மேசையில் மூன்றாவது கதிரைக்கு முன்னால் நான் கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைக்கவில்லை. மறந்துபோய் இல்லை. மற்ற இருபத்தொரு பேருக்கும் வைத்தேன், கத்தி வலப்பக்கம், கூர் உள்ளே பார்க்க, முள்ளுக்கரண்டி இடப்பக்கம், தலைமாட்டில் இனிப்புக்குக் கரண்டி குறுக்காக. அந்த மூன்றாவது இடத்துக்கு வந்ததும் கை தாண்டி நான்காவது இடத்துக்குப் போய்விட்டது. போய்விட்டது என்ன, நான்தான் கொண்டுபோனேன். கை தானாகப் போனது என்று நாளைக்குக் கேட்டால் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், பிறகு அப்படிச் சொன்னால் செய்ததற்கே அர்த்தமில்லை என்று விட்டுவிட்டேன், இப்போது தண்ணீர்க் கோப்பைகளை வைத்துக்கொண்டு வரும்போது திரும்பவும் யோசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டேகால். பன்னிரண்டரைக்கு மணி அடிக்கும். எங்கள் முதியோர் இல்லத்தில் அந்தக் கதிரை மிஸிஸ் ஹோல்ராய்டினுடையது. எண்பத்தொன்பது வயது, நினைவு கழலத் தொடங்கி இரண்டு வருடம். டிசம்பர் நத்தாருக்குப் பிறகு ஆறு கிலோ மெலிந்துவிட்டா. இன்றைக்கு அவவின் மகள் ஜில்லியன் வருகிறா, மகளும் எங்கள் மனேஜர் டெப்ராவும் பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள், இன்றைக்கும் தட்டு நிறையச் சாப்பாடு திரும்பிப் போனால் நாளைக்குக் காலமை அவவை மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். மாடியில் சாப்பாட்டு மேசை கிடையாது. சாய்வுக் கதிரையில் நெஞ்சுக்குத் துணி கட்டி இருத்தி, இறைச்சியை அரைத்து ஒரு உருண்டை, கரட்டை அரைத்து ஒரு உருண்டை, பட்டாணியை அரைத்து ஒரு உருண்டை, மண்ணிறம், செம்மஞ்சள், பச்சை, ஐஸ்கிரீம் அள்ளுகிற கரண்டியால் அள்ளி வைத்துக் கொண்டுவந்து ஊட்டுவார்கள். விழுங்க முடியாதவர்களுக்கு அது வேண்டும்தான். நானே எத்தனை பேருக்கு ஊட்டியிருக்கிறேன். ஆனால் மிஸிஸ் ஹோல்ராய்டுக்குப் பல் இருக்கிறது. சொந்தப் பல். பல் துலக்கிவிடும்போது நான் எண்ணிப் பார்த்தேன், பதினேழு.

சமையலறைச் சுவரில் டெப்ரா ஒட்டிய தாள் இருக்கிறது, மிஸிஸ் ஹோல்ராய்டுக்கு ஒவ்வொரு வேளையும் முழுக் கத்தி முள்ளுக்கரண்டி வைக்க வேண்டும், குடும்பத்தின் விருப்பம் என்று. ஊரில் எட்டாம் வகுப்போடு எங்கள் பள்ளிக்கூடம் இராணுவத்துக்குப் போனது, நான் வீட்டுக்குப் போனேன், ஆனாலும் அந்தத் தாளை நான் நன்றாகத்தான் வாசித்தேன், ஒருதரம் இல்லை, நூறு தரம். குடும்பம் என்றால் ஜில்லியன். அம்மா முப்பது வருடம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தைக் கட்டி ஆண்டவ, முந்நூறு பிள்ளைகளுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கியவ, அவ கையால் அள்ளிச் சாப்பிடுகிறதை நான் பார்க்கவும் மாட்டேன், மற்றவர்கள் பார்க்கவும் விடமாட்டேன் என்று டெப்ராவிடம் அழுதா. அழுதது உண்மை, நான் தேத்தண்ணி கொண்டுபோனேன், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பிழையான மனிசி இல்லை. ஆனால் ஒன்றைப் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை. இந்த நாட்டில் சாப்பிட்டு முடிந்தால் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து வைப்பார்கள். வாயால் சொல்லத் தேவையில்லை, அது கிடக்கிற கிடையே எனக்குப் போதும் என்று சொல்லிவிடும், பரிமாறுகிறவர் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மிஸிஸ் ஹோல்ராய்ட் என்ன செய்கிறா? தட்டு வந்ததும் இரண்டையும் எடுப்பா, கொஞ்ச நேரம் பார்ப்பா, என்ன செய்கிறதென்று பிடிபடாது. பிறகு இரண்டையும் வடிவாகச் சேர்த்து, ஒரு நூல் பிசகாமல், தட்டின் நடுவில் வைப்பா. வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பா. கைலி வருவாள், இருபது வயதுப் பிள்ளை, வேகமான பிள்ளை, ஆல் டன், லவ், முடிஞ்சுதா செல்லம் என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டுத் தாளில் மறுத்தார் என்று எழுதுவாள். காலமை மறுத்தார். மத்தியானம் மறுத்தார். ஐந்து மணிக்கு மறுத்தார். அவ எங்கே மறுத்தா? முப்பது வருடம் முந்நூறு தட்டில் அதைச் சேர்த்து வைத்த கை அது. ரெலிவிஷனுக்குப் பக்கத்தில் ரிமோட் இரண்டு கிடந்தாலும் சேர்த்துத்தான் வைப்பா. பேனா இரண்டு கிடந்தாலும் சேர்த்துத்தான் வைப்பா. மூன்று மணித் தேத்தண்ணிக்குப் பிஸ்கட் கொடுத்தால் தன்னுடையதைச் சாப்பிட்டுப் பக்கத்துக் கதிரைக்காரரின் பிஸ்கட்டையும் எடுத்துச் சாப்பிடுவா. பிஸ்கட்டுக்கு முள்ளுக்கரண்டி இல்லை. அதை நான் டெப்ராவிடம் மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் குறித்து வைக்கிறேன் என்றா. எங்கே குறித்தாவோ. நான் சொன்ன இங்கிலீஷில் குறிப்பதற்கு என்ன இருந்ததோ.

இன்றைக்குக் காலமை இவரிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. வேலைக்குக் கொண்டுவந்து விடுகிற வழியில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது, இஞ்சேருங்கோ, மிஸிஸ் ஹோல்ராய்டுக்காக இண்டைக்கு நான் ஒண்டு செய்யப் போறன் என்று சொல்லி முடிக்கவில்லை, மனிதர் ஸ்டியரிங்கில் அடித்தார். "உமக்கென்ன விசரே, மலர்? அந்த மனிசிதானே உம்மைப் பற்றி முறைப்பாடு குடுத்தது?" ஓம், அந்த மனிசிதான். ஆறு வருடத்துக்கு முந்தி, அவ இங்கே வந்த புதிதில், நல்ல நினைவோடும் நல்ல நாக்கோடும் இருந்த காலத்தில், எல்லாரும் சாப்பிட்டு எழும்பின பிறகு சாப்பாட்டறை மூலையில் இருந்து நான் சோறும் பருப்பும் குழைத்துச் சாப்பிட்டதைக் கண்டுவிட்டு, விரல்களைக் கண்டால் தனக்குச் சாப்பாடு இறங்காது என்று டெப்ராவிடம் சொன்னது அந்த மனிசிதான். டெப்ரா என்னைக் கூப்பிட்டு, தோளில் கை வைத்து, ஒரு பிரச்சினையும் இல்லை லவ், பின்னால் துணி அறையில் சௌகரியமாக இருந்து சாப்பிடலாம் என்றா. துணி அறையில் கதிரை இல்லை. அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் இருந்து, சுற்றிவரத் தோய்த்து மடித்த வெள்ளைப் படுக்கை விரிப்புகள், அதில் கறி வாசம் ஏறிவிடுமோ என்று முதலில் மீன் குழம்பை விட்டேன், பிறகு பொரியலை விட்டேன், பிறகு வெங்காயத்தை விட்டேன், கடைசியில் வெண்ணெய் தடவின பாண். ஆறு வருடம் பாண். சொந்தக் கையை ஒளித்துவைத்துச் சாப்பிட்ட ஆறு வருடம். இப்போது அந்தக் கையைத்தான் அவவுக்கும் விடமாட்டோம் என்கிறார்கள். இதில் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். நன்றாக வேண்டுமென்று நினைக்கிற குணம் எனக்கு இல்லாமல் இல்லை. நத்தாருக்கு அடுத்த மாதம் முழுக்க அப்படித்தான் நினைத்தேன், கைலி தட்டை எடுக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றேன், இப்ப தெரியுதா என்று மனதுக்குள் கேட்டேன். அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கிலோவில் இரண்டு கிலோ என்னுடைய கணக்கு.

இந்த நாட்டில் ஒருதரம்தான் கேட்பார்கள். அது எனக்கு வந்த முதல் வருடமே தெரிந்திருக்க வேண்டும். முதல் வேலையில், ஒரு ஹோட்டல் சமையலறையில், நத்தார் விருந்துக்கு எங்களையும் மேசையில் இருத்தினார்கள், கிழங்குத் தட்டு வந்தது, இன்னும் வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று மரியாதைக்குச் சொன்னது, இரண்டாம் தரம் கேட்பார்கள், மூன்றாம் தரம் தட்டில் போட்டே விடுவார்கள், அப்போது போதும் போதும் என்று கையால் மறைக்கலாம் என்று இருந்தேன். தட்டு அப்படியே என்னைத் தாண்டிப் போனது. போய் மேசை முழுக்கச் சுற்றி வெறுந்தட்டாகத்தான் திரும்பி வந்தது. பசியோடு பஸ் ஏறினேன். அதே விருந்தில்தான் ஒரு சாடியில் மஞ்சளாய்க் கட்டியாய் இருந்ததைப் பருப்பென்று நினைத்து இறைச்சி மேலும் கிழங்கு மேலும் ஊற்றினேன், அது இனிப்புக்கு ஊற்றுகிற கஸ்டர்ட், ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள், அதுதான் பொல்லாதது, நான் முழுதையும் சாப்பிட்டு முடித்தேன். நல்லாயிருக்கு என்றும் சொன்னேன். எல்லாம் மாறியாச்சு இப்போது, எனக்கு எல்லாம் தெரியும், பட்டாணியை முள்ளுக்கரண்டியின் முதுகில் கிழங்கோடு நசித்து ஏற்றத் தெரியும், மாட்டுக்கு எந்தச் சோஸ் ஆட்டுக்கு எந்தச் சோஸ் என்று தெரியும், இவர்கள் அலசாமல் சவர்க்கார நுரையோடு தட்டைத் தூக்கிக் காயவைக்கிறதை மட்டும் ஏற்க முடியவில்லை, இங்கேயும் மெஷினுக்குப் போகாத கோப்பைகளை நான் ஒருவரும் பார்க்காமல் திரும்பத் தண்ணீரில் அலசித்தான் வைக்கிறேன். அது கிடக்கட்டும். இப்போது மணி என்ன, பன்னிரண்டு இருபத்தேழு. இந்த வயதில் இந்த வேலை போனால் வேறு வேலை யார் தருவார்கள், ஏற்கனவே ஒருதரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது பைலில் இருக்கும், இரண்டாம் தரம் என்றால் கடிதம் தருவார்களாம், கடிதத்தை மகள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும், வாசித்துவிட்டு அம்மா, வை டிட் யூ என்பாள், அவளுக்கு எதை எந்தப் பாஷையில் சொல்கிறது. இப்போதுகூட வைத்துவிடலாம். டிராயரைத் திறந்து ஒரு கத்தி ஒரு முள்ளுக்கரண்டி. நாலு அடி தூரம். நான் டிராயரை முழங்காலால் தள்ளி மூடினேன்.

மணி அடித்தது. ஊன்றுகோலும் சக்கர வண்டியும் செருப்புமாக எல்லாரும் வந்தார்கள், இறைச்சியோடு வைக்கிற யோர்க்ஷயர் புடிங் மணமும் கிரேவி மணமும் சேர்ந்து வந்தன, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் மறந்தவர்களுக்கும் மூக்குச் சொல்லிவிடும். மிஸிஸ் ஹோல்ராய்ட் நீலக் கார்டிகனில், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, நேரான முதுகோடு வந்தா. மெலிந்தாலும் அந்த முதுகு வளையவில்லை. வருகிற வழியிலேயே பக்கத்து மேசையில் யாருடையதோ முள்ளுக்கரண்டியை ஒரு விரலால் தட்டி நேராக்கினா. டெப்ரா கையில் தாள் அட்டையோடு இரண்டு கதிரை தள்ளி இருந்தா. ஜில்லியன் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, துவாயை மடியில் விரித்துவிட்டு, பிறகுதான் மேசையைப் பார்த்தா. நான் அதற்குள் தட்டோடு வந்துவிட்டேன். தட்டையும் நான்தான் போட்டேன், சமையற்காரர் மறுபக்கம் திரும்பின நேரம் பார்த்து, இறைச்சியை விரல் நீளத்துக்கு வெட்டி, பொரித்த கிழங்கு நாலு, கரட்டை முழுதாக, கிரேவியை மேலே ஊற்றாமல் சின்னக் கிண்ணத்தில் பக்கத்தில். தட்டை அவவுக்கு முன்னால் வைத்தேன்.

மிஸிஸ் ஹோல்ராய்டின் கைகள் மேலே வந்தன. வலக்கை கத்தி கிடக்கிற இடத்துக்குப் போய் வெறுந்துணியைத் தடவியது, இடக்கை மற்றப் பக்கம் தடவியது, திரும்ப வலக்கை. சேர்த்து வைக்க ஒன்றுமில்லை. நான் செய்தது பிழை, இவ இப்போது அழப்போகிறா, இருந்த ஒன்றையும் நான் பறித்துவிட்டேன் என்று நினைத்தேன். மேசைத் துணியில் அந்த இரண்டு கையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, நேராக, அவற்றையே சேர்த்து வைத்தாற்போல. முடிந்தது, இதையும் கைலி கண்டால் தட்டை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். நான் கைலிக்கும் தட்டுக்கும் நடுவில் போய் நின்றேன், என் உடம்பு அகலம் இதற்காவது உதவட்டும். அரை நிமிடம் இருக்கும். பிறகு அவ ஒரு கிழங்கை எடுத்தா. இரண்டு விரலாலும் பெருவிரலாலும், சூடு பார்த்து, ஒரு ஓரத்தைக் கடித்தா. மொறுமொறு என்று எனக்குக் கேட்டது. மீதியைக் கிரேவிக் கிண்ணத்தில் தோய்த்தா. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தோய்த்தா.

"அம்மாவின் கத்தி முள்ளுக்கரண்டி எங்கே?" என்று ஜில்லியன் கேட்டா. சத்தமாக இல்லை. சத்தமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுகம். கைலி ஓடிப்போய் ஒரு சோடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், நல்ல பிள்ளை, வேகமான பிள்ளை, நான் அவள் கையிலிருந்து வாங்கி என் ஏப்ரன் பொக்கற்றில் போட்டுவிட்டேன். டெப்ரா எழும்பினா. மலர், என்றா, அந்தக் குரலை எனக்குத் தெரியும், தோளில் கை வைக்கிற குரல். நான் தோளைக் கொடுக்கவில்லை, ஒரு அடி விலகி நின்றேன். எத்தனை நாள் இங்கிலீஷில் இதை மனதுக்குள் அடுக்கி வைத்தேன், குளிக்கும்போது, பஸ்ஸில், எல்லாம் அந்த நேரத்தில் கலைந்துபோய்க் கையில் அகப்பட்டதை மட்டும் சொன்னேன். "உங்கள் அம்மா மறுக்கவில்லை. சேர்த்து வைக்கிறா, நாங்கள் எடுத்துவிடுகிறோம். மூன்று மாதம் நாங்கள் எடுத்துவிட்டோம். நானும்." அந்தக் கடைசிச் சொல்லை நான் சொல்ல நினைக்கவில்லை, அது தானாக வந்தது. ஜில்லியன் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தா, அவற்றில் கிரேவி வழிந்து மணிக்கட்டுக்குப் போனது. தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோழிக்காலைக் கையில் எடுத்ததற்கு இந்த அம்மா தன்னைச் சாப்பாடில்லாமல் மேலே அனுப்பினா என்றா. இரண்டு தரம் சொன்னா, இரண்டாம் தரம் சொல்லும்போது அது முறைப்பாடா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. அம்மா மூன்றாவது கிழங்கில் இருந்தா. ஜில்லியன் துவாயை எடுத்து அந்த மணிக்கட்டைத் துடைக்கப் போனா, பாதி வழியில் நிறுத்தி, துவாயை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. "இந்த மாதம் மாடி வேண்டாம்" என்று டெப்ராவைப் பார்க்காமல் சொன்னா. டெப்ரா அட்டையில் ஏதோ எழுதினா. எழுதிவிட்டு என்னைத் தாண்டிப் போகும்போது, நாளைக்கு ஒன்பது மணிக்கு என்னை வந்து பார் என்றா. வருகிறேன் என்றேன். ஒன்பதுக்கு வரலாம், எட்டரைக்கும் வரலாம், கடிதம் தந்தால் மகள் வாசிக்கட்டும்.

இனிப்புக்கு ஸ்பொன்ஜ் கேக். கைலி வந்து மிஸிஸ் ஹோல்ராய்டிடம் வேண்டுமா லவ் என்று கேட்டாள். நோ, தாங்க்யூ, என்றா அவ, அந்தக் காலத்துக் குரலில். கைலி போகத் திரும்பினாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, குனிந்து, கொஞ்சம் எடுங்கோவன் என்று தமிழில்தான் என் வாயில் வந்தது, பிறகு இங்கிலீஷில் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினா. மூன்றாம் தரம் கேட்டேன். அவ தட்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, கோ ஆன் தென், என்றா, சரி தாவன் என்கிற மாதிரி. இருபத்தொரு வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன், வேண்டாம் என்பதற்குப் பிறகு இவர்களிடமும் ஒரு சொல் இருக்கிறதென்று இன்றைக்குத்தான் தெரியும், கேட்க ஆளில்லாமல் அவ்வளவு காலம் அது உள்ளேயே கிடந்திருக்கிறது. கேக்கைத் துண்டாக வெட்டிக் கஸ்டர்டைக் கிண்ணத்தில் வைத்தேன். தோய்த்துச் சாப்பிட்டா. நான் அன்றைக்குப் பருப்பென்று நினைத்தது அவ்வளவு பெரிய பிழை இல்லை.

ஒன்றரைக்கு எனக்கு இடைவேளை. ஜில்லியன் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டு போய்விட்டா, சாப்பாட்டறையில் கைலி மேசை துடைக்கிறாள், மிஸிஸ் ஹோல்ராய்ட் மட்டும் ஜன்னலோரம் இருக்கிறா. துணி அறைக்குப் போகிற வழியில் நான் நின்றேன். பையில் இன்றைக்குப் பாண் இல்லை, காலமை இவர் குளிக்கும்போது பெட்டியில் சோறு போட்டேன், பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, நேற்றைய மீன் குழம்பும் ஒரு துண்டு. அப்படியென்றால் காலமையே தீர்மானித்துவிட்டேனா, அல்லது துணி அறைக்குள் மீனைக் கொண்டுபோகத்தான் நினைத்தேனா, எனக்கே தெரியவில்லை. திரும்பி வந்து அவவுக்கு நேரெதிர்க் கதிரையை இழுத்து இருந்து, பெட்டியைத் திறந்தேன். கைலி மூக்கை உறிஞ்சி, நல்ல மணம் என்றாள், மெய்யோ பொய்யோ. நான் சோற்றைக் குழைத்தேன், விரல் முழுக்க, ஒளிக்காமல், ஒரு கவளம் உருட்டி வாயில் வைத்தேன். மிஸிஸ் ஹோல்ராய்ட் பார்த்துக்கொண்டே இருந்தா. என் விரல்களைப் பார்த்தா, வாயைப் பார்த்தா, திரும்ப விரல்களைப் பார்த்தா. ஆறு வருடத்துக்கு முந்தின அந்தச் சொல் வரட்டும், வந்தால் என்னிடமும் சொல் இருக்கிறது என்று நான் மென்றுகொண்டே காத்திருந்தேன். அவ முன்னால் சாய்ந்து, மேசையை ஒரு விரலால் தட்டினா.

"முழங்கையை எடு, லவ். மேசையில் முழங்கை வைக்கிறதில்லை."

இடக்கை முழங்கையை மேசையில் ஊன்றித்தான் இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாது. நான் இன்னொரு கவளத்தை உருட்டினேன். முழங்கையை எடுக்கவில்லை.